கேட்காமல் எழுதிய பெயர்

கதிர்,

நேற்று போனில் நீ சொன்னதற்கெல்லாம் ‘சரிப்பா, சரிப்பா’ என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசித்தேன். சிங்கப்பூர் வேலையை ஒப்புக்கொண்டுவிட்டாய். இரண்டு பேருக்கும் சேர்த்து வீடு பார்க்கச் சொல்லி ஆபீஸில் எழுதியும் கொடுத்துவிட்டாய். நித்யாவுக்கு இன்னும் தெரியாது, கல்யாணத்தன்று சொல்லி அவளை அசத்தப் போகிறாய். “அவ ஒத்துக்குவாப்பா, அவளுக்கும் நல்லதுதானே” என்றாய். வேலூரில் அந்தப் பெண் கணக்கு டீச்சராக இருக்கிறாளே, அந்த வேலை என்ன ஆகும் என்று என் வாயில் வந்தது. ஆனால் கேட்கவில்லை. போனில் எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். எழுத வரும். ஒரு காலத்தில் நன்றாகவே வந்தது. அது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இன்று காலையிலிருந்து இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் நீ வந்திருந்தபோது பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலை மூன்று பேருமாக எழுதினோம். உன் அம்மா வழிச் சொந்தங்களை உன் அக்கா மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நீ தலை நிமிராமல் எழுதினாய். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க ஃப்ரெண்ட்ஸ் யாருப்பா?” என்றாய். “அப்படி யாரும் இல்ல” என்றேன். “காலேஜ்ல கூடவா?” என்றாய். “இல்ல” என்றேன். நீ சிரித்துக்கொண்டே ‘அப்பா ஆபீஸ்’ என்று ஒரு தலைப்பு போட்டு, கீழே நாலு வரி இடம் விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாய். நான் சொன்னது பொய். எனக்கு இரண்டு பேர் இருந்தார்கள். நூருல்லா, கஸ்தூரி. இந்தப் பெயர்களை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. உன் அம்மா கூடக் கேட்காமலேயே போய்விட்டாள்.

எங்கள் கல்லூரியில் ஒரு வானொலி இருந்தது. வானொலி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபையர். கேண்டீனிலும் மரத்தடியிலும் நூலக வராந்தாவிலும் புனல் மாதிரி நாலு ஸ்பீக்கர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறிவிப்புகள் வாசிப்பார்கள், பாட்டு போடுவார்கள். புதன்கிழமை மட்டும் கடைசிப் பதினைந்து நிமிஷம் எங்களுக்கு. நான் எழுதுவேன், நூருவும் கஸ்தூரியும் பேசுவார்கள். நிகழ்ச்சியின் பெயர் ‘ராங் நம்பர்’. ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் யாருக்கோ ட்ரங்க் கால் போடுவார், அதாவது எக்ஸ்சேஞ்ச் மூலமாக மூன்று நிமிஷக் கணக்கில் பேசுகிற வெளியூர் போன், அது தப்பான இடத்துக்குப் போய்ச் சேரும். அவ்வளவுதான் கதை. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் தப்பாக இணைத்துவிட்டு, நடுநடுவே புகுந்து புத்திமதியும் சொல்கிற ஆபரேட்டர் தனபாக்கியம்தான் கதாநாயகி. அது கஸ்தூரியின் குரல்.

ஒரு வாரம், பெண்ணைப் பெற்ற ஒரு அம்மா கல்யாணத் தரகருக்கு போன் போடுகிறார். அது மாட்டுத் தரகருக்குப் போய்விடுகிறது. இரண்டு பேருக்கும் அது தெரியாது. “பையன் எப்படிங்க?” என்கிறார் அம்மா. “ரொம்ப சாதுங்க. கயித்த அவுத்து உட்டாலும் வாசல்லியே நிக்கும்” என்கிறார் தரகர். “சாப்பாட்டு விஷயத்துல எப்படி?” “எதப் போட்டாலும் துன்னும். தவிடு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி கேக்கும்.” “கோவம் வருமா?” “புதுசா யாராச்சும் வந்தா மட்டும் லேசா முட்டும்.” அந்த அம்மா யோசிக்கிறார். இந்த இடத்தில் நான் எழுதியிருந்தது வேறு ஏதோ. கஸ்தூரி அதைப் படிக்கவில்லை. தாளை ஓரமாக வைத்துவிட்டு, “அம்மா, இந்த வரன உட்றாதீங்க. மூணு நிமிஷம் முடிஞ்சிது” என்று இணைப்பைத் துண்டித்துவிட்டாள். கேண்டீனில் எழுந்த சிரிப்பு அடைத்த கதவைத் தாண்டி உள்ளே கேட்டது. நூரு மைக்குக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். என் வாழ்க்கையில் அதைப்போல இன்னொரு மதியம் வரவில்லை. உன்னையும் உன் அக்காவையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன், வரவில்லை.

கஸ்தூரி கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவர்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். வகுப்பு, பஸ், வீடு, இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு காதில் விழக்கூடாது என்று சொல்லித்தான் அவள் அண்ணன் அனுப்பியிருந்தார். அதனால் நிகழ்ச்சி முடிவில் என் பெயரையும் நூரு பெயரையும் மட்டும்தான் சொல்வோம். தனபாக்கியத்தின் குரலிலும் நூருதான் பேசுகிறான் என்று கல்லூரி முழுக்க நம்பியது. பையன்கள் அவனைத் தெருவில் நிறுத்தித் தனபாக்கியம் மாதிரி பேசச் சொல்வார்கள். அவனும் சளைக்காமல் பேசிக் காட்டுவான். கஸ்தூரி பக்கத்திலேயே புத்தகங்களைக் கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி நடந்து போவாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

மூன்றாம் வருஷம் வேலூரில் கல்லூரிகளுக்கு இடையே ஒரு கலைப் போட்டி வந்தது. வானொலி நாடகத்துக்கும் ஒரு பரிசு உண்டு. எங்கள் பொறுப்பாசிரியர் ஒரு தமிழ்ப் பேராசிரியர். படிவத்தில் கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்து, “பூர்த்தி பண்ணி அனுப்பிடுப்பா” என்றார். எப்போதும்போல இரண்டு பெயர்தான் என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தோம். கஸ்தூரி மற்றப் பெண்களோடு பார்வையாளராக வந்து, திரைக்குப் பின்னாலிருந்து பேசிவிட்டுப் போவாள் என்று ஏற்பாடு. நான் அறையில் தனியாக உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். முதல் பெயராக அவள் பெயரை எழுதினேன். பக்கத்தில் ஊரையும் எழுதினேன். உனக்குச் சந்தேகம் வரும், காதலா என்று. இல்லை. காதலாக இருந்திருந்தால் பயந்துகொண்டாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். இது பெருமை. அவ்வளவு பெரிய திறமையை மறைத்து வைப்பது அநியாயம், பரிசு வந்தால் வீட்டிலும் மெச்சிக்கொள்வார்கள், அவளுக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். நேற்று நீ சொன்னதும் அதே வார்த்தைதான்.

முதல் பரிசு வந்தது. மேடையில் அவள் பெயரை ஊரோடு சேர்த்து அழைத்தார்கள். பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி ஒரு கணம் அசையவில்லை. பிறகு எழுந்து நேராக நடந்து மேடைக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. போட்டோ எடுத்தார்கள். மறுநாள் பத்திரிகையில் மாவட்டச் செய்திகள் பக்கத்தில் அந்தப் போட்டோ வந்தது. திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அந்தப் புதன்கிழமை ‘ராங் நம்பர்’ இல்லை. அதன்பின் எந்தப் புதன்கிழமையும் இல்லை.

வியாழக்கிழமை நூரு, “வாடா, போயி பாத்துட்டு வந்துடலாம்” என்றான். பஸ்ஸில் போனோம். அவர்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கினோம். “நான் இங்கியே நிக்கறேன். ரெண்டு பேரும் போனா கூட்டம் சேந்துடும்” என்று சொன்னேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது. நூரு மட்டும் போனான். அரை மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தபோது அவன் சட்டை தோளில் கிழிந்திருந்தது, உதடு வீங்கியிருந்தது. கஸ்தூரியின் அண்ணன் அவனிடம் முதலில் பெயரைத்தான் கேட்டிருக்கிறார். நூருல்லா என்று சொன்னதும், அதற்கு மேல் அவன் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. “அவளைப் பாக்கவே உடல. மாப்ள பாத்துட்டாங்களாம்” என்றான். பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னை நேராகப் பார்த்துக் கேட்டான். “பேரு யார்ரா குடுத்தது?” நான், “சார்தான் சேத்துட்டிருப்பாரு போல” என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுதான், கதிர். யாரும் என்னை மிரட்டவில்லை. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் வந்தது. நூரு மறுநாள் ஆசிரியர் அறைக்குள் புகுந்து, எல்லார் முன்னாலும் அந்தப் பேராசிரியரைத் திட்டித் தீர்த்துவிட்டான். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவர் மேஜையில் என் கையெழுத்தில் எழுதிய அந்தப் படிவத்தின் நகல் இருந்திருக்க வேண்டும். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நூருவிடம், “பொறுப்பாசிரியர் நான். கீழ கையெழுத்து என்னுது. தப்பும் என்னுதுதான்” என்றார். நான் அப்போதாவது உள்ளே போயிருக்கலாம். ஐந்து அடி தூரம்தான். போகவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லி நூருவிடம் கேட்டார்கள். அவன் மறுத்துவிட்டுக் கல்லூரியை விட்டே போய்விட்டான். கடைசிப் பரீட்சை எழுதவில்லை. நான் எழுதினேன், நல்ல மார்க்கும் வாங்கினேன். பிறகு தேர்வெழுதி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். மீதி உனக்குத் தெரியும்.

நூரு அவன் மாமாவின் மைக் செட் கடையில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். ஒரே ஊர்தான், ஆனால் அந்தத் தெரு வழியாகப் போக வேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போவேன். கல்யாணமான புதிதில் ஒரு பௌர்ணமி சாயங்காலம் உன் அம்மாவோடு கிரிவலம் போனேன். வழியில் ஸ்பீக்கரில் ஒரு அறிவிப்பு கேட்டது. கடலூரிலிருந்து வந்த சரோஜா அம்மாள் எங்கிருந்தாலும் உடனே வரவும், உங்கள் குடும்பத்தார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. நான் நின்றுவிட்டேன். நூருவின் குரல். கலெக்டர், கண்டக்டர், மாட்டுத் தரகர், கோயில் குருக்கள் என்று நூறு பேராகப் பேசிய குரல், ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் தொலைந்துபோனவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. “யாருங்க அது?” என்றாள் உன் அம்மா. “யாரோ மைக் செட்காரன்” என்று சொல்லி நடந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பௌர்ணமி அதே குரலைக் கேட்டுக்கொண்டே மலையைச் சுற்றினேன். அவன் இருக்கும் மேடை எது என்றும் தெரியும். பக்கத்தில் வரும்போது சாலையின் மறுபக்கத்துக்குப் போய்விடுவேன்.

நான் அதன்பிறகு ஒரு வரி நகைச்சுவைகூட எழுதவில்லை. நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு சிரிப்பு நாடகம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தாய். நினைவிருக்கிறதா? “கோமாளித்தனமெல்லாம் வேணாம், போயி படி” என்று கத்தினேன். நீ நோட்டை மூடிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. உன் அம்மாவோடும் அக்காவோடும் உட்கார்ந்து நீ சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே வந்தால் சிரிப்பு நின்றுவிடும். நீங்கள் மரியாதையில் நிறுத்தினீர்கள். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். அது என் தவறு, உன் தவறு இல்லை. இதை உனக்கு இத்தனை நாளாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

பட்டியல் எழுதி நீ ஊருக்குப் போன மறுவாரம், அச்சாகி வந்த பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு நூருவின் கடைக்குப் போனேன். கடை இப்போது அவன் பெயரில் இருக்கிறது, மகன்தான் பார்த்துக்கொள்கிறான். நூரு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். தாடி முழுக்க நரைத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது என்று அவன் கை நின்றதிலேயே தெரிந்தது. “வாங்க சார், உக்காருங்க” என்றான். அந்த ‘ங்க’ என் நெஞ்சில் எங்கே போய் விழுந்தது என்று உனக்கு எழுதிக் காட்ட முடியாது. ‘டா’வைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசியதில்லை. “கல்யாணமா? எத்தினி ஸ்பீக்கர் வேணும்?” என்றான். ஸ்பீக்கருக்கு வரவில்லை என்றேன். பத்திரிகையை நீட்டினேன். பிறகு, வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். “நூரு, அன்னிக்கு அந்தப் பேரை எழுதினது சார் இல்ல. நான்.”

“தெரியும்” என்றான்.

அவன் ஒயரைச் சுற்றி முடித்து, நுனியை உள்ளே செருகி ஓரமாக வைத்தான். “நம்ம தமிழ் சார் படுக்கைல இருக்கும்போது போயி பாத்தேன். மன்னிப்பு கேக்கணும்னு போனேன். அந்த ஃபாரத்த அவரு தூக்கிப் போடல. காமிச்சாரு. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷம் அதப் படிச்சித்தானே பேசினேன்.” இது எப்போது என்று கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேலே ஆயிற்று என்றான். “அப்பவே வந்து என்னைச் சட்டையப் புடிச்சிக் கேட்டிருக்கலாமே” என்றேன். “நீங்க வருவீங்கன்னு இருந்தேன் சார்” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் மகன் டீ வாங்கி வந்து கொடுத்தான். “அப்பாவுக்குத் தெரிஞ்சவங்களா?” என்று கேட்டான். “கலெக்டர் ஆபீஸ் சார்” என்றான் நூரு.

கிளம்பும்போது கஸ்தூரியைப் பற்றிக் கேட்டேன். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருப்பதாகச் சொன்னான். அவளை எந்த ஊரில் கட்டிக் கொடுத்தார்கள், கணவர் எப்போது இறந்தார், அங்கன்வாடியில் எத்தனை வருஷம் வேலை செய்தாள் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அங்கே போகும்போது வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு வருவானாம். நான் முகவரி கேட்டேன். அவன் தரவில்லை. போனை எடுத்து அவளையே கூப்பிட்டான். “அந்த ரைட்டர் வந்துகிறாரு. உன்னப் பாக்கணும்னு சொல்றாரு. வரலாமா?” என்றான். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டான். பிறகு அவன் என்னிடம், “செவ்வாக்கிழமை காலைல வரச் சொல்லுது” என்றான். நான் கொடுத்த பத்திரிகைக்கு வருகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. “பாக்கலாம் சார்” என்று மட்டும் சொன்னான்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை. போனேன். சின்ன வீடு, வாசலில் வேப்பமரம். மகள் சென்னையில் நர்ஸாக இருக்கிறாளாம், கஸ்தூரி தனியாகத்தான் இருக்கிறாள். முடி நரைத்து, கண்ணாடி போட்டிருந்தாள், தெருவில் பார்த்திருந்தால் அடையாளம் தெரியாமல் கடந்து போயிருப்பேன். “வாங்க” என்றதும் அந்தக் குரலுக்கு வயதாகவே இல்லை என்று தெரிந்தது. மோர் கொடுத்தாள். குடித்து முடித்தேன். பிறகு நான் தொடங்கினேன். படிவத்தில் பெயர் எழுதியது நான் என்றேன், மன்னித்துவிடு என்றேன், உன் படிப்பே என்னால் போயிற்று என்றேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“படிப்பு போனதுக்கு உங்கள நான் கேக்க மாட்டேன். அது எங்க வீட்டாளுங்க பண்ணது. அத நீங்க எடுத்துக்காதீங்க” என்றாள். பிறகு, “நீங்க நாலு வரி எழுதினா, அதுல எங்க மூச்சு உடறதுன்னுகூட என்னக் கேப்பீங்க. ‘இங்க நிறுத்தலாமா கஸ்தூரி, இங்க இழுக்கலாமா’ன்னு. பேரு போடறதுக்கு மட்டும் கேக்கல” என்றாள்.

“கேட்டா வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்” என்றேன். அதுதான் உண்மை. நாற்பது வருஷத்தில் அதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

“சரின்னு சொல்லியிருப்பேன்” என்றாள். “ரெண்டு வருஷமா யாராச்சும் கேப்பாங்களான்னுதான் இருந்தேன். நூருவத் தெருவுல நிறுத்தி எல்லாரும் கைதட்டுவாங்க, நான் பக்கத்துலயே போவேன். எனக்கு ஆசை இல்லாம இருக்குமா? மேடைல பேரக் கூப்பிட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சி. நடந்து வந்தேன்ல? பயமே இல்ல. மறுநாள் எங்கண்ணன் பேப்பர மூஞ்சில வீசிட்டு, இது இன்னான்னு கேட்டுச்சி. நீங்க கேட்டு, நான் சரின்னு சொல்லியிருந்தா, ‘ஆமா, நான்தான், ரெண்டு வருஷமா நான்தான் பேசறேன்’னு சொல்லியிருப்பேன். அடி உழுந்திருக்கும். உழட்டும். ஆனா என்னைக் கேக்கலியே. அதனால, ‘எனக்குத் தெரியாதுண்ணா, அவங்களா எழுதிட்டாங்க, நான் சும்மா நின்னேன், பேசினது நான் இல்ல’ன்னு சொல்லிட்டேன். தனபாக்கியம் நான் இல்லன்னு என் வாயாலயே சொல்லிட்டேன். அதுக்கு அப்பறம் ஆருகிட்டயும் நான்தான்னு சொல்லிக்க முடியல.”

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து, கொஞ்சம் இலகுவான குரலில், “அங்கன்வாடில இருவத்தேழு வருஷம். தெனம் ரெண்டு ஷோ. ஒருத்தரும் பேரு கேக்கல” என்றாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் சிரிக்கலாமா என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பத்திரிகையை வாங்கி உன் பெயரையும் நித்யா பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். “புள்ளைங்க நல்லா இருக்கட்டும். கல்யாணத்துக்கு நான் வரல” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒருமுறை வந்து போகலாமே என்றும் சொல்லவில்லை. வருத்தமாக இருந்தது. ஆனால் அது அவள் சொன்ன பதில், அதை மாற்ற நான் யார்? பஸ் நிறுத்தம் வரை தனியாக நடந்து வந்தேன்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன், கதிர். சிங்கப்பூர் நல்ல ஊராக இருக்கலாம். நித்யாவுக்கு அங்கே இதைவிட நல்ல வேலையும் கிடைக்கலாம். அவள் உடனே ஒத்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் நீ முடிவு செய்துவிட்டு அவளிடம் சொன்னால் அவள் ஒத்துக்கொண்டது அவளுடையது ஆகாது. நாளைக்கு அந்த ஊரில் ஏதாவது ஒரு கஷ்டம் வரும். அப்போது ‘நானும் சேர்ந்துதான் வந்தேன்’ என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்காது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் கல்யாண நாள் வரை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. மண்டபத்தில், நூறு பேர் நடுவில் மாலையோடு நிற்கிற பெண்ணால் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்? இந்தச் சனிக்கிழமை வேலூருக்குப் போ. எங்கேயாவது உட்கார்ந்து கேள். அவள் யோசிக்க நாள் கேட்டால் கொடு. முடியாது என்றால், எதனால் என்று கேட்டுக்கொள், கோபப்படாமல். உன் ஆபீஸில் சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்குவது அவமானமாக இருக்கும். அந்த அவமானம் ஒரு வாரத்தில் போய்விடும். என் வார்த்தையை நான் திருப்பி வாங்காமல் விட்ட அவமானம் இன்னும் போகவில்லை.

நூரு வருவானா என்று தெரியாது. வந்தால், அவன் யார் என்று உன் அக்காவுக்கும் மருமகனுக்கும் நானே சொல்கிறேன். யாரோ என்று சொல்ல மாட்டேன். நீ நாலு வரி இடம் விட்ட அந்தத் தாளில் இந்த இரண்டு பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கணக்குக்கு இல்லை, உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

கடைசியாக ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் நான் தனியாக எப்படி இருப்பேன், வாடகைக்கு விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா, இல்லை சிங்கப்பூருக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று நீயும் அக்காவும் போனில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். மருமகன் வாய் தவறிச் சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே. என் நல்லதுக்குத்தான் பேசுகிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காலையில் எழுந்து காப்பி போட்டுக் குடித்துவிட்டு, வெளியே போகிறவர்கள் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பொழுதை ஓட்டுகிறேன் என்பதும் உண்மைதான். சில நாள் சாயங்காலம் வரை யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ஆனாலும் என்னையும் ஒருமுறை கேள். என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. இருந்தாலும் கேள்.

உன் அப்பா